லாரிக்கு மாற்று செல்ஃப் மோட்டார்: எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டீசல் எஞ்சின் தானாகச் சுழலத் தொடங்காது. வெளியிலிருந்து ஏதோ ஒரு விசை அதைச் சில சுற்றுகள் சுற்றிவிட வேண்டும். சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று நசுங்கிச் சூடேறி, அதில் தெளிக்கப்படும் டீசல் பற்றிக்கொண்ட பிறகுதான் எஞ்சின் சொந்தமாக ஓடும். அந்த முதல் சுற்றுகளைத் தரும் மின்மோட்டாருக்குப் புத்தகத்தில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்று பெயர். பட்டறையிலும் லாரி நிற்கும் இடத்திலும் அது வெறும் 'செல்ஃப்'.

பெயருக்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனம் வந்த புதிதில் முன்பக்கம் இரும்புக் கைப்பிடி செருகி, ஆள்பலத்தால் எஞ்சினைச் சுற்றினார்கள். 1912 ஆம் ஆண்டு அமெரிக்காவின் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. கைப்பிடி மறைந்தது; பெயரின் பின்பாதியும் தமிழ்நாட்டுப் பேச்சில் உதிர்ந்துபோனது. 'செல்ஃப் எடுக்கலை' என்று ஓட்டுநர் சொன்னால், சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்று பொருள்.

செல்ஃப் எடுக்காத லாரிக்குப் புது செல்ஃப் வாங்கி மாட்டுவது எளிய வேலைபோலத் தெரியும். ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்த செல்ஃப் சில மாதங்களில் கருகுகிறது. சில சமயம் ஃப்ளைவீலின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், பழையது ஏன் போனது, லாரி என்ன வேலை செய்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

டெல்டாவில் செல்ஃப் படும் பாடு

காவிரி டெல்டாவில் லாரியின் வேலை நெல்லின் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீரில் நட்ட குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வரும். சம்பாவும் தாளடியும் தை, மாசியில் வரும். அப்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் அடுக்கடுக்காகச் சேரும். அவற்றைச் சேமிப்புக் கிடங்குகளுக்கும், தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற ஊர்களின் ரயில் சரக்கு முனையங்களுக்கும் லாரிகளே கொண்டுசேர்க்கின்றன. ஒரு மூட்டை 40 கிலோ. பத்து டன் ஏற்றும் லாரி ஒரு நடைக்கு 250 மூட்டை எடுக்கும். அது ஒரு நாள் படுத்துவிட்டால், அத்தனை மூட்டையும் தார்ப்பாய்க்கு அடியில் மழையைப் பார்த்துக் கிடக்கும்.

இந்த வேலையில் ஓடும் தூரம் குறைவு. நிற்பதும் கிளம்புவதும் அதிகம். கிடங்கு வாசலில் வரிசை பத்தடி நகரும், நிற்கும். டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் எஞ்சினை நிறுத்துவார். முன்வண்டி நகர்ந்ததும் மறுபடி செல்ஃப் அடிப்பார். ஒவ்வொரு முறையும் செல்ஃப் பேட்டரியிலிருந்து உறிஞ்சுகிற மின்சாரத்தை டைனமோ திருப்பி நிரப்ப, எஞ்சின் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். அந்த நேரம் வரிசையில் கிடைப்பதில்லை. வடமாநிலத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் நாமக்கல் லாரி ஒரு நாளில் சில முறைதான் செல்ஃப் அடிக்கும். நெல் ஏற்றும் லாரி அதே நாளில் பல மடங்கு அடிக்கும், அதுவும் பாதி இறங்கிய பேட்டரியில்.

செல்ஃப் இருக்கும் இடமும் வசதியானது அல்ல. எஞ்சினின் பின்பக்கம், ஃப்ளைவீல் கூண்டை ஒட்டி, பெரும்பாலும் தாழ்வான இடத்தில் அது தொங்குகிறது. வரப்போரப் பாதையின் சேறும், களத்தின் வைக்கோல் தூசியும், ஐப்பசி கார்த்திகை மழையில் சாலையில் தேங்கும் தண்ணீரும் முதலில் அதன்மேல்தான் படும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

உள்ளே நடப்பது

பெட்ரோல் எஞ்சின் காற்றைப் பத்து மடங்கு அளவுக்கு நசுக்கினால், லாரியின் டீசல் எஞ்சின் 16 முதல் 18 மடங்கு வரை நசுக்குகிறது. தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் இல்லாததால், அந்தச் சூடு ஒன்றே டீசலைப் பற்றவைக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவர் வழியே கசிந்துபோகும். ஆகவே டீசல் செல்ஃப் பலமாகச் சுற்றினால் மட்டும் போதாது. வேகமாகவும் சுற்ற வேண்டும். காரின் செல்ஃப் ஏறத்தாழ 1 கிலோவாட் திறனுள்ளது. நடுத்தர லாரிக்கு 2.5 முதல் 4 கிலோவாட்டும், கனரக லாரிக்கு அதற்கு மேலும் தேவைப்படுகிறது.

சாவியைத் திருப்பியதும் முதலில் இயங்குவது செல்ஃப்பின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு. அது இரண்டு வேலை செய்கிறது: பினியன் என்ற சிறு பற்சக்கரத்தை முன்னே தள்ளி ஃப்ளைவீலின் ரிங் கியரில் கோக்கிறது, கோத்ததும் பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குள் திறந்துவிடுகிறது. மின்சாரம் கார்பன் பிரஷ் வழியாக, மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்குப் போய் அதைச் சுழற்றுகிறது.

எஞ்சின் ஓடத் தொடங்கிய அடுத்த நொடியில் ஓர் ஆபத்து வருகிறது. பினியனுக்கு 10 பல், ரிங் கியருக்கு 130 பல் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது பினியன் 13 சுற்றுச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் ஆர்மேச்சர் 13,000 சுற்று ஓடி, அதன் கம்பிச்சுருள் சிதறிவிடும். இதைத் தடுப்பது பினியனோடு இணைந்த ஒருவழி கிளட்ச். பட்டறைகளில் இந்தத் தொகுதி முழுவதையும் 'பெண்டிக்ஸ்' என்கிறார்கள். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்த பழைய பொறிமுறையின் பெயர் அது; பொறிமுறை மாறிய பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

பழுது செல்ஃப்பில்தானா?

செல்ஃப் எடுக்காத எல்லா லாரியிலும் செல்ஃப் கெட்டிருப்பதில்லை. ஓசையே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். 'டக் டக் டக்' என்று விட்டுவிட்டுத் தட்டினால், பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்'கோடு நின்றால் சொலினாய்டின் உள் தொடர்புமுனையோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். மோட்டார் விர்ரென்று சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் வழுக்குகிறது. கரகரவென்று பல் உரசினால் பினியனோ ரிங் கியரோ தேய்ந்திருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர் பேச வேண்டும். முழுதாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும்; இரண்டு பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் அமைப்பு 25.2 காட்டும். செல்ஃப் அடிக்கும்போது முன்னது 9.6 வோல்ட்டுக்கும் பின்னது ஏறத்தாழ 19 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டு பேட்டரி உள்ள லாரியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்பது முக்கியம். ஒன்று நோஞ்சானாக இருந்தால் மற்றதையும் அது கீழே இழுத்துவிடும். புதிதாக ஒன்றையும் பழையதாக ஒன்றையும் ஜோடி சேர்ப்பது இதே காரணத்தால் தவறு.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பினால் கேபிளைப் பார்க்க வேண்டும். கனமான டீசல் எஞ்சினைச் சுற்றும்போது கேபிளில் பல நூறு ஆம்பியர் பாய்கிறது. 500 ஆம்பியர் பாயும் வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பு 0.002 ஓம் தடை கொடுத்தால் போதும். அங்கேயே 1 வோல்ட் காணாமல் போகும். பச்சை பூத்த பேட்டரி முனை, சேசிஸில் துருவின்மேல் முடுக்கிய எர்த் கம்பி, உள்ளே சூடேறிக் கறுத்த கட்-ஆஃப் சுவிட்ச் ஆகிய மூன்றும் டெல்டா ஈரத்தில் அடிக்கடி காணப்படும் குற்றவாளிகள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும், மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தால், நல்ல எர்த்தில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டும். அதற்கு மேல் போனால் கேபிளையும் இணைப்பையும் சரிசெய்ய வேண்டும். புது செல்ஃப் வாங்கி இந்தப் பழுதைத் தீர்க்க முடியாது.

ஆழமான தண்ணீரில் இறங்கி நின்றுபோன லாரிக்குத் தனி எச்சரிக்கை தேவை. காற்றுக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். தண்ணீர் நசுங்காது. அந்த நிலையில் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால் செல்ஃப் கருகலாம், கனெக்டிங் ராடும் வளையலாம். முதலில் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்ப்பதே முறை.

கடைசியாக ரிங் கியர். நிறுத்திய எஞ்சின் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. நசுக்கும் அழுத்தம் தடுக்கும் குறிப்பிட்ட சில இடங்களில்தான் நிற்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அப்படி இரண்டு இடம், ஆறு சிலிண்டரில் மூன்று இடம். பினியன் ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் வந்து கோப்பதால், ரிங் கியர் சுற்றிலும் சீராகத் தேயாமல் அந்த இடங்களில் மட்டும் தேய்கிறது. செல்ஃப்பைக் கழற்றிய துளை வழியே டார்ச் அடித்து, எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால்தான் இது தெரியும். தேய்ந்த ரிங் கியரில் புது செல்ஃப்பை மாட்டினால், புதுப் பினியனின் பல் போகும்.

பழையதில் எழுதியிருக்கும் கணக்கு

செல்ஃப் மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால், கடைக்கு எடுத்துப்போக வேண்டியது பழைய செல்ஃப்பையே. லாரியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது ஆபத்து. டாடா 497, 697 எஞ்சின்களை எடுத்துக்கொண்டால், இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 97 மில்லிமீட்டர்தான். முதல் இலக்கம் சிலிண்டர் எண்ணிக்கை. முன்னது 3.8 லிட்டர், பின்னது 5.7 லிட்டர். பெயரில் ஓர் இலக்கம் மாறினால் சுற்ற வேண்டிய சுமை ஒன்றரை மடங்காகிறது. பல ஆண்டுகளாக ஒரே பெயரில் விற்கும் லாரிகளில், ஆண்டுக்கு ஆண்டு எஞ்சினும் செல்ஃப்பும் மாறியிருக்கலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிந்தைய லாரிகளில், செல்ஃப்புக்கு உத்தரவு கொடுப்பதில் எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் பங்கு உண்டு என்பதால் பொருத்தம் இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும்.

செல்ஃப்பின் உடம்பில் ஒட்டிய அல்லது பொறித்த தகட்டைத் துடைத்தால் பார்ட் எண், வோல்ட், கிலோவாட் மூன்றும் தெரியும். எண் அழிந்திருந்தால் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

முதலில் வோல்ட். 12 வோல்ட் செல்ஃப்பை 24 வோல்ட் லாரியில் மாட்டினால் விரைவில் கருகும். மாற்றி மாட்டினால் எஞ்சினைச் சுற்றத் தெம்பிருக்காது. அடுத்து கிலோவாட்: பழையதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பினியனின் பல் எண்ணிக்கையும் வெளிவிட்டமும் அப்படியே பொருந்த வேண்டும். ஒரு பல் வித்தியாசப்பட்டாலும் ரிங் கியரோடு சண்டைதான். பினியன் பக்கமிருந்து பார்க்கும்போது சுழலும் திசை, ஃபிளாஞ்சில் உள்ள போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவற்றுக்கும் சொலினாய்டுக்கும் உள்ள கோணம் ஆகியவையும் சரியாக இருக்க வேண்டும். கோணம் மாறினால் சொலினாய்டு எக்ஸாஸ்ட் குழாயிலோ சேசிஸிலோ போய் இடிக்கும். சில வண்டிகளில் எர்த் செல்ஃப்பின் உடம்பு வழியே போகாமல் தனிக் கம்பியில் போகும். அங்கே சாதாரண செல்ஃப் சேராது.

நேரடிச் சுழற்சியும் கியர் குறைப்பும்

பழைய லாரிகளின் செல்ஃப் பெரும்பாலும் நேரடி வகை: ஆர்மேச்சர் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில் பினியனும் சுற்றும். உருவம் பெரியது, எடை அதிகம், உள்ளே உறுப்புகள் குறைவு. புதிய வகையில் ஆர்மேச்சருக்கும் பினியனுக்கும் நடுவே ஒரு கியர் தொகுதி இருக்கிறது. சிறிய ஆர்மேச்சர் வேகமாகச் சுற்ற, கியர் அந்த வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது. அதே வேலையைக் குறைந்த எடையில், பொதுவாகக் குறைந்த மின்சாரத்தில் இது செய்துவிடும். அடிக்கடி செல்ஃப் அடித்துப் பேட்டரி இறங்கும் நெல் லாரிக்கு இது ஒரு வசதி.

மறுபக்கமும் உண்டு. நேரடி வகையைப் பழுதுபார்க்கத் தெரியாத ஆட்டோ எலக்ட்ரீஷியன் இல்லை. கியர் வகையில் கிரீஸ் உலர்ந்தாலோ கியர் உடைந்தாலோ, அந்தந்த மாடலின் உதிரி கிடைத்தால்தான் வேலை நடக்கும். ஆகவே எஞ்சின் நிறுவனமோ செல்ஃப் நிறுவனமோ அந்த எஞ்சினுக்கென்று பரிந்துரைத்த கியர் வகை இருந்து, அதன் உதிரி கும்பகோணத்திலோ திருச்சியிலோ கிடைக்குமானால் மாறலாம். இல்லாவிட்டால் இருந்த வகையிலேயே இருப்பது நல்லது.

சந்தையில் கிடைப்பவை

புது செல்ஃப் இரண்டு பெட்டிகளில் வருகிறது. ஒன்று லாரி நிறுவனத்தின் பெயர் போட்டது. மற்றது செல்ஃப் செய்யும் நிறுவனத்தின் பெயர் போட்டது. அசோக் லேலண்ட், டாடா போன்ற லாரி நிறுவனங்கள் செல்ஃப்பை மின் உறுப்புகள் செய்யும் நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. இந்தியாவில் அப்படிப்பட்ட நிறுவனங்களில் முக்கியமானது லூகாஸ் டி.வி.எஸ். இங்கிலாந்தின் லூகாஸும், பேருந்துத் தொழிலில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குழுமமும் கூட்டாக 1961இல் இதை நிறுவின. சென்னை பாடியில் இதன் தொழிற்சாலை இருக்கிறது. ஒரே பொருள் இரண்டு பெட்டியிலும் கிடைக்கும்போது விலையில் வித்தியாசம் இருக்கலாம். பார்ட் எண்ணை ஒப்பிட்டு எது லாபமோ அதை எடுக்கலாம்.

அடுத்தது பழுதுபார்த்துப் புதுப்பித்த செல்ஃப். 'செல்ஃப், டைனமோ ஒர்க்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகள் டெல்டாவின் நகரங்களில் இருக்கின்றன. இங்கே கைவேலையின் நேர்மையைப் பொறுத்தது எல்லாம். வெளியே பெயின்ட் அடித்துக் கார்பன் மட்டும் மாற்றியதும் 'புதுப்பித்தது'தான். முறையாகப் பிரித்துச் செய்ததும் 'புதுப்பித்தது'தான். முறையான வேலையில் ஆர்மேச்சர் க்ரௌலர் என்ற காந்தச் சோதனைக் கருவியில் கிடத்தப்படும். அதன்மேல் ஒரு ஹேக்சா பிளேடைப் பிடித்தபடி ஆர்மேச்சரைத் திருப்பும்போது, உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடம் வந்தால் பிளேடு படபடவென்று அதிரும். ஆர்மேச்சரில் கார்பன் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் லேத்தில் கடைந்து சீராக்கப்படும், ஆர்மேச்சரின் தண்டைத் தாங்கும் புஷ்கள் மாற்றப்படும், சொலினாய்டின் செம்புத் தொடர்பு பார்க்கப்படும். புஷ் தேய்ந்த செல்ஃப்பில் ஆர்மேச்சர் தள்ளாடி, சுற்றியுள்ள காந்தத் துருவங்களை உரசியிருக்கும். ஆர்மேச்சரின் முதுகில் பளபளவென்று தெரியும் உரசல் தடமே அதற்குச் சாட்சி. இவையெல்லாம் நடக்கும்போது கூடவே நின்று பார்க்க அனுமதிக்கும் கடையை நம்பலாம்.

மூன்றாவது, உடைத்த லாரியிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட். எவ்வளவு ஓடியது, தண்ணீரில் மூழ்கியதா என்று யாருக்கும் தெரியாது. அவசரத்துக்கு ஒரு நடை ஓட்ட உதவும். நம்பி ஒரு பருவத்தை ஒப்படைக்க முடியாது. நான்காவது, பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் வரும் போலி. அச்சு மங்கிய லேபிள், பெட்டியிலும் பொருளிலும் வேறு வேறு எண், ஜி.எஸ்.டி. பில் தரத் தயக்கம் ஆகியவை அடையாளங்கள். ஒரே வகைச் செல்ஃப் இரண்டைத் தராசில் வைத்து ஒன்று கணிசமாக இலேசாக இருந்தால், செம்பும் இரும்பும் குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

எந்த வகையை எடுத்தாலும் மாட்டுவதற்கு முன்பு கடையிலேயே பேட்டரி கொடுத்துச் சுழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். பினியன் முழுதாக வெளியே வந்து, சாவி விட்டதும் தயங்காமல் உள்ளே திரும்ப வேண்டும். பினியனைக் கையால் ஒரு பக்கம் திருப்பினால் சுற்ற வேண்டும், மறுபக்கம் பூட்டிக்கொள்ள வேண்டும். வாரண்டி எத்தனை மாதம், அறுவடை நேரத்தில் கெட்டால் மாற்றுப் பொருள் தஞ்சாவூரிலேயே கிடைக்குமா, சென்னைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்பதையும் பில்லோடு கேட்டுக்கொள்வது அவசியம்.

மாட்டும்போதும் பிறகும்

பேட்டரியின் மைனஸ் கம்பியை முதலில் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். செல்ஃப் உட்காரும் ஃபிளாஞ்ச் முகத்தில் உள்ள துருவையும் பெயின்ட்டையும் தேய்த்து எடுக்க வேண்டும்; பல லாரிகளில் எர்த் அந்த முகத்தின் வழியேதான் திரும்புகிறது. கேபிள் முனைகளைச் சுத்தம் செய்து முடுக்கிய பின் வாஸ்லின் தடவினால் பச்சை பூப்பது குறையும். பின்பக்க சீலிலிருந்து எஞ்சின் ஆயில் ஒழுகி பழைய செல்ஃப்பை நனைத்திருந்தால், அந்த ஒழுக்கை அடைத்த பிறகே புதியதை மாட்ட வேண்டும்.

மாட்டிய பின் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டையும், செல்ஃப்பின் பெரிய முனையில் வந்துசேரும் வோல்ட்டையும் அளந்து குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். சில மாதம் கழித்துத் தொந்தரவு வந்தால், குறை எங்கே என்று அந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுக்கும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. எடுக்காவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். மூன்று நான்கு முறையில் எடுக்கவில்லை என்றால் கோளாறு டீசல் வரும் வழியில் இருக்கலாம். செல்ஃப்பை வதைத்துப் பயனில்லை.

கழற்றிய பழையதை எடைக்குப் போடவும், புதியதற்குக் கழிவாகக் கொடுக்கவும் பலர் அவசரப்படுவார்கள். உடம்பும் ஆர்மேச்சரும் நன்றாக இருந்தால், குறுவை முடிந்து சம்பா அறுவடை தொடங்குவதற்கு இடையில் அதைப் பிரித்து, கார்பன், புஷ், பெண்டிக்ஸ் மாற்றி, எண் அழியாமல் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். தை மாதத்தில் கொள்முதல் நிலைய வாசலில் லாரி நின்றுபோனால், அதே துளைகளில், அதே பல்லோடு தயங்காமல் உட்காரும் செல்ஃப் அதுவாகத்தான் இருக்கும்.